காரின் ஹாரனை நாமே மாற்றுவது: எண்ணூர், மணலி சாலைகளுக்கு எது போதும்?

எண்ணூர்ச்சாலைப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2014 ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. திருவொற்றியூரில் வீடு, மணலியில் வேலை என்பதால் தினமும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில்தான் போய் வருகிறேன். வண்டியோடு வந்த ஒற்றை டிஸ்க் ஹாரன் (தட்டையான வட்ட ஹாரன்) புதிதிலேயே சுமார்தான். இப்போது சளி பிடித்த தொண்டையைப் போலக் கம்மிப்போய்விட்டது. எம்.எஃப்.எல். உரத் தொழிற்சாலைச் சந்திப்பில் நான் பக்கத்தில் இருப்பதை அறியாமல் டிரெய்லர் இடப்பக்கம் ஒடிக்கத் தொடங்கினால், இதை அழுத்தி ஒரு பயனும் இல்லை.

இரட்டை விண்ட்டோன் (சுருள் குழாய் ஹாரன்) வாங்குவதா, டிஸ்க் ஜோடியே போதுமா, ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) கட்டாயமா, இதையெல்லாம் வீட்டு வாசலில் வைத்து நானே செய்துகொள்ள முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஸ்பானர் பிடிக்கத் தெரியும். மின் வேலையில் ஃபியூஸ் மாற்றியதைத் தாண்டி அனுபவம் இல்லை. அழுத்தக் காற்றால் ஒலிக்கும் ஏர் ஹாரனே மாட்டிவிடு என்று நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார்; அதைப் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும்.


கொருக்குப்பேட்டை பேட்டரிக்காரர் எழுதியது:

தம்பி, புதிய ஹாரன் வாங்குவதற்கு முன், இருக்கிற ஹாரனுக்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். ஹாரன் கம்மிவிட்டது என்று என்னிடம் வரும் வண்டிகள் பலவற்றில் ஹாரன் நன்றாகவே இருக்கும். கனெக்டர் முனையிலும், நெகட்டிவ் வயரை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் போல்ட்டிலும் உப்புக்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே ஓடும் வண்டிகளில் இது இன்னும் விரைவாக நடக்கும். முன்பம்பருக்குப் பின்னால், மழைத்தண்ணீரும் சாலைச் சேறும் நேராக அடிக்கும் இடத்தில்தான் ஹாரனைப் பொருத்தியிருக்கிறார்கள்.

சோதிப்பது எளிது. சாதாரண மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, ஹாரனின் இரண்டு முனைகளிலும் ப்ரோப்பைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் ஒருவரை உட்காரவைத்து ஹாரனை அழுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். அந்த நேரத்தில் ஹாரன் முனையில் 13 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் வயரிங் மீது பழி போட முடியாது. 11, 10 என்று இறங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்று அறிய, சிவப்பு ப்ரோப்பைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பை ஹாரனின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். மீட்டர் காட்டும் எண்தான் அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்ட். ஹாரனின் நெகட்டிவுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையிலும் அப்படியே பாருங்கள். சில வண்டிகளில் ஹாரனுக்கு ஒரே வயர்தான் வரும்; அவற்றில் தாங்கிப் பட்டையின் போல்ட்தான் எர்த். அந்த போல்ட்டுக்கு அடியில் துரு பிடித்தால் ஹாரன் பாதி உயிரோடுதான் ஒலிக்கும்.

ஹாரனை அழுத்தாமல் அளந்துவிட்டு வோல்ட் சரியாக இருக்கிறது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். மின்னோட்டம் ஓடும்போதுதான் இழப்பு மீட்டரில் தெரியும்.


வியாசர்பாடி வேகம் எழுதியது:

இதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை நண்பரே. நான் ஒரு விண்ட்டோன் ஜோடியை வாங்கி, பழைய ஹாரன் வயரிலேயே இரண்டையும் இணைத்தேன். 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது; அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டேன். அதற்குப் பின் ஒரு தொல்லையும் இல்லை. ரிலே, தனி வயர் என்பதெல்லாம் கடைக்காரர்கள் கூடுதலாக விற்பதற்குச் சொல்வது.


கொருக்குப்பேட்டை பேட்டரிக்காரர் எழுதியது:

தொல்லை இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். ஃபியூஸ் ஹாரனைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டதன்று, வயரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டது. நிறுவனம் அந்த வயரின் தடிமனைப் பார்த்துத்தான் 10 ஆம்பியர் என்று தீர்மானித்திருக்கிறது. நீங்கள் 20 போட்டுவிட்டால், நாளை வயர் எங்காவது உரசி பாடியில் தொடும்போது ஃபியூஸுக்கு முன்பே வயர் சூடாகி உறை உருகும். அந்த வயர் தனியாகவும் ஓடுவதில்லை. ஹெட்லைட், ரேடியேட்டர் விசிறி ஆகியவற்றின் வயர்களோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கும். ஹாரன் வயரில் தொடங்கும் சூடு மற்றவற்றையும் சேர்த்து எரித்துவிடும்.

சாதாரண டிஸ்க் ஹாரன் ஒன்று 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும். நத்தை ஓடு போன்ற வடிவில் வரும் விண்ட்டோன் ஒன்று 5 முதல் 6 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே விண்ட்டோன் ஜோடி என்றால் 10 முதல் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மூன்று மீட்டர் தூரம் இந்த மின்னோட்டம் ஓடினால், களிம்பு எதுவும் இல்லாத புது வயரிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு வரும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயரில் அது கால் வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். விலை உயர்ந்த ஹாரனை வாங்கி மெல்லிய வயரில் மாட்டுகிறவர் தாம் கொடுத்த காசுக்குரிய சத்தத்தைக் கேட்கவே இல்லை.


நெறியாளர்:

ஃபியூஸின் அளவைக் கூட்டுவதை இங்கே யாரும் தீர்வாகப் பரிந்துரைக்க வேண்டாம். வியாசர்பாடி வேகம் அவர்களின் பதிவை, அதற்கு மறுமொழி வந்திருப்பதால், நீக்காமல் விட்டிருக்கிறேன்.


ஒலியளவி எழுதியது:

வயரிங் பற்றி ஐயா சொல்லிவிட்டார். ஒலியின் கணக்கு பற்றிப் பலருக்கும் தவறான எண்ணம் இருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே திறனுள்ள இரண்டு ஹாரன்களைச் சேர்த்து ஒலித்தால் டெசிபல் அளவு இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபல் மட்டுமே கூடும். மனிதக் காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறைந்துவிடும். ஏழு மீட்டரில் 105 டெசிபல் கொடுக்கும் ஹாரன் 14 மீட்டரில் 99 டெசிபலும் 28 மீட்டரில் 93 டெசிபலும்தான் கொடுக்கும். இரண்டாவது ஹாரனால் கிடைக்கும் 3 டெசிபல், தூரம் சற்றே கூடினாலும் கரைந்துபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் ஜோடி எதற்கு என்று கேட்பீர்கள். தாழ்ந்த சுருதியில் ஒன்றும் உயர்ந்த சுருதியில் ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது காது அதை வாகன ஒலி என்று சட்டென்று அடையாளம் காண்கிறது. ஒற்றைச் சுருதி ஹாரனைக் கேட்டால் ஸ்கூட்டரா காரா என்று புரிவதில்லை. 400, 500 ஹெர்ட்ஸ் என்ற அளவில் வரும் ஜோடியைச் சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டால் ஸட்ஜமும் அந்தர காந்தாரமும் சேர்ந்து ஒலிப்பதை உணர்வார்கள். நான்குக்கு ஐந்து என்ற அந்த விகிதம் காதுக்கு இணக்கமானது என்பதால், அதே டெசிபலில் எரிச்சலும் குறைவாக இருக்கிறது.

டிஸ்க் ஹாரனா விண்ட்டோனா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டிலும் உள்ளே நடப்பது ஒன்றே: மின்காந்தம் ஓர் எஃகுத் தகட்டை இழுக்கிறது, இழுபட்ட தகடு தன் மின்தொடுப்பைத் தானே பிரித்துக்கொள்கிறது, மின்சாரம் நின்றதும் தகடு பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி தொடுகிறது. இது நொடிக்கு நானூறு தடவை போல நடக்கிறது. விண்ட்டோனில் அந்த அதிர்வு சுருண்ட குழாய்க்குள் போய் உருண்டு திரண்டு வெளிவருகிறது. டிஸ்க் ஹாரனில் தகட்டின் மேல் பொருத்தப்பட்ட இன்னொரு தட்டு அதிர்ந்து, 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையான ஒலியைக் கூடவே எழுப்புகிறது. லாரி இன்ஜினின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் இந்தக் கூர்மை அதைத் துளைத்துக்கொண்டு போகும். விண்ட்டோன் கேட்க இனிமையாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெரிசலான சாலைக்கு நல்ல டிஸ்க் ஜோடி எந்த வகையிலும் குறைந்ததன்று. மின்சாரமும் குறைவாக இழுக்கும், இடமும் குறைவாகப் பிடிக்கும், குழாய்க்குள் தண்ணீர் தேங்கும் தொல்லையும் இல்லை. கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

காரின் ஹாரன், வண்டிக்கு முன்னால் ஏழு மீட்டர் தூரத்தில் அளக்கும்போது 112 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் வாகன ஒழுங்குவிதி 28 வகுத்திருக்கும் எல்லை. பெட்டியின் மேல் அதைவிடப் பெரிய எண்ணை அச்சிட்டிருந்தால், அது எத்தனை மீட்டரில் அளந்தது என்று கேளுங்கள். இரண்டு மீட்டரில் அளந்த எண்ணும் ஏழு மீட்டரில் அளந்த எண்ணும் ஒன்றாகாது.


சட்டம் படித்தவன் எழுதியது:

ஏர் ஹாரன் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 இன் 119 ஆம் விதி, ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு சுருதிகளை எழுப்பும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கடுமையாகவோ கிறீச்சிட்டோ அச்சமூட்டும் வகையிலோ ஒலிக்கும் எந்தக் கருவியையும் தடை செய்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை வாகனங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. தாழ்ந்த சுருதியும் உயர்ந்த சுருதியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சாதாரண ஜோடி இந்தத் தடைக்குள் வராது. பல கார்கள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வருகின்றன.

ஒலி மாசு தொடர்பான தரத்தை மீறும் வாகனத்தை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். முறையான ஹாரனாகவே இருந்தாலும் தேவையில்லாமலோ தொடர்ச்சியாகவோ ஒலித்தால் 194-எஃப் பிரிவின்படி முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய். இந்தப் பிரிவு 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

ஒலி மாசு விதிகள் 2000 இன்படி மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பகுதியை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்திலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளிலும், பொது அவசரம் தவிர ஹாரன் ஒலிக்கக் கூடாது. ஸ்டான்லி மருத்துவமனையை ஒட்டிய பழைய ஜெயில் சாலையில் தினமும் என்ன நடக்கிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த இழை திசைமாறிவிடும்.


பதினெட்டுச் சக்கரம் எழுதியது:

நான் டிரெய்லர் ஓட்டுகிறவன். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் இடையில் பெட்டி ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. நீங்கள் எல்லோரும் எங்கள் காதில் விழவேண்டும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே கேபினுக்குள் என்ன கேட்கிறது என்று நான் சொல்வது முறையாக இருக்கும்.

இன்ஜின் எங்கள் காலடியில் இருக்கிறது. காலி டிரெய்லர் என்றால் பின்னால் சங்கிலியும் லாக்கும் குலுங்கும் சத்தம் வேறு. ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தால் வலப்பக்கத்துச் சத்தம் ஓரளவு கேட்கும். இடப்பக்கம், அதாவது நீங்கள் புகுந்து வரும் அதே பக்கம், மிகவும் மந்தமாகத்தான் கேட்கும். 2025 ஆம் ஆண்டில் தொடங்கி, தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. எங்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வண்டிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே ஓடும் என்பதையும், உங்கள் ஹாரன் முன்பைவிடக் குறைவாகவே உள்ளே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாரன் கேட்டாலும் அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு நிமிடத்தில் எத்தனை ஹாரன் ஒலிக்கிறது என்று நின்று கேட்டுப் பாருங்கள். கேட்டவுடன் நாங்கள் செய்வது பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது. கண்ணாடியில் உங்கள் வண்டி தெரிந்தால்தான் அந்தச் சத்தத்துக்குப் பொருள் உண்டு. என் கதவுக்குச் சற்றே பின்னால், முன் சக்கரத்துக்கும் டிரெய்லரின் முதல் அச்சுக்கும் இடையில் சிறிய கார் நின்றால், அது என் கண்ணுக்கே படாது. நான் இடப்பக்கம் ஒடிக்கும்போது முன்வண்டி அகலமாகப் போகும், பின்பெட்டி உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். அந்த இடைவெளிக்குள் இருப்பவர் எந்த ஹாரனை அழுத்தினாலும் நேரம் கடந்துவிட்டது என்றுதான் பொருள்.

ஆகையால் பகலிலும் ஹெட்லைட்டை இரண்டு முறை மின்னிவிட்டு, அதோடு சேர்த்து ஒரு சிறிய ஹாரன் கொடுங்கள். பின்னாலிருந்தபடியே கொடுங்கள், பக்கத்தில் வந்த பின் வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறீர்கள். நான் கண்ணாடியைப் பார்த்து முடிவெடுக்க இரண்டு நொடியாவது ஆகும். என் பக்கத்தில் இருப்பவர்கள் இடைவிடாமல் அழுத்தும் நீண்ட ஹாரன், உண்மையைச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பழகிப்போய்விடுகிறது.


எண்ணூர்ச்சாலைப் பயணி எழுதியது:

அண்ணா, இப்படி எழுதியதற்கு மிக்க நன்றி. டிரெய்லரின் இடப்பக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது, நான் இங்கே கேட்ட கேள்வியைவிட எனக்கு அவசியமானது.

பேட்டரிக்காரர் ஐயா சொன்னபடி மல்டிமீட்டரைக் கடன் வாங்கி அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஹாரனை அழுத்தும்போது அதன் முனைகளில் 10.4 வோல்ட். பாசிட்டிவ் வழியில் 0.9 வோல்ட் தொலைகிறது. எர்த் வழியில் 2.8 வோல்ட் தொலைகிறது. ஹாரனின் கறுப்பு வயர் ரேடியேட்டர் தாங்கியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. அதைக் கழற்றியபோது வயர் முனையின் வளையமான லக் முழுவதும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அடியில் இருந்த பெயிண்ட் உரிந்து துருவாகிவிட்டது. உப்புத்தாளால் அந்த இடத்தைப் பளபளவென்று தேய்த்து, புதிய லக் போட்டு முடுக்கிய பின் எர்த் இழப்பு 0.2 ஆகக் குறைந்து, ஹாரன் முனையில் 13.0 வந்துவிட்டது. சத்தம் நன்றாகவே தேறியிருக்கிறது. ஆனாலும் ஒலியில் ஒரு கரகரப்பு மிச்சமிருக்கிறது; முகப்புத் தகட்டில் துருப்பொட்டுகளும் தெரிகின்றன. ஹாரனின் பின்புறம் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கிறதே, அதைத் திருகிப் பார்க்கலாமா?


கொருக்குப்பேட்டை பேட்டரிக்காரர் எழுதியது:

செய்த வேலை நல்ல வேலை. தேய்த்த இடத்தை அப்படியே விட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி துரு பிடிக்கும். முடுக்கிய போல்ட்டின் மேல் கிரீஸோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவி மூடுங்கள். தடவிவிட்டு முடுக்க வேண்டாம், முடுக்கிவிட்டுத் தடவுங்கள்.

அந்த ஸ்க்ரூ, உள்ளே இருக்கும் மின்தொடுப்பின் இடைவெளியைச் சரிசெய்வதற்கானது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒரு நொடி ஒலித்துப் பார்த்து, மறுபடி சற்றே திருப்ப வேண்டும். கரகரப்பு சில நேரம் இதிலேயே போய்விடும். ஆனால் ஒரு பக்கம் மிகுதியாகத் திருகினால் தொடுப்பு பிரியவே பிரியாது. ஹாரன் ஊமையாகிவிடும், மின்சாரம் மட்டும் நிற்காமல் ஓடி உள்ளே உள்ள சுருள் கருகும். தகட்டில் துரு ஓட்டை விழும் நிலையில் இருந்தால் இந்த முயற்சியே வீண். உங்கள் ஹாரன் உழைக்க வேண்டியதை உழைத்துவிட்டது. ஒரு டிஸ்க் ஜோடியாக மாற்றிவிடுங்கள். கோயம்புத்தூர் ரூட்ஸ், மிண்டா, பாஷ், ஹெல்லா என்று எதுவாக இருந்தாலும் சரி, பில்லோடு வாங்குங்கள். புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய ஹாரன் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்தது என்பது விற்பவருக்கே தெரியாது.


பெரம்பூர் கௌரி எழுதியது:

சென்ற ஆண்டு என் வண்டிக்கு நானே ஜோடி ஹாரன் மாட்டினேன். வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். ஒரு முற்பகல் போதும். எனக்குக் கைகொடுத்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கிரில்லின் மேல்பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்ற, நடுவில் உள்ள பொத்தானை முதலில் மேலே நெம்ப வேண்டும்; முழுக் கிளிப்பையும் ஒரேயடியாக இழுத்தால் உடையும். கடையில் உதிரிக் கிளிப்புகள் நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது மன அமைதிக்கு நல்லது. என் வண்டியில் 10 எம்.எம். ஸ்பானர் ஒன்றே எல்லா போல்ட்டுக்கும் போதுமாக இருந்தது.

அடுத்தது பலர் கவனிக்காத ஒன்று. ஹாரனோடு வரும் மெல்லிய எஃகுப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு கனமான பட்டையிலோ நேராகச் சட்டத்திலோ ஹாரனை இறுக்கிவிடக் கூடாது. அந்தப் பட்டை வளைந்து கொடுத்தால்தான் ஹாரன் சுதந்திரமாக அதிரும். ஹாரனின் உடல் பம்பரையோ ரேடியேட்டர் தாங்கியையோ மயிரிழை அளவு தொட்டாலும் சத்தம் அடைபட்டு, கூடவே ஒரு தகர அதிர்வும் சேர்ந்துகொள்ளும். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டேன். விண்ட்டோன் என்றால் அதன் வாய் கீழ்நோக்கியோ கீழும் முன்னுமாகச் சாய்ந்தோ இருக்க வேண்டும். வாய் மேல்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே நின்றுவிடும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை நேராக மறைக்காதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டியானால், முன்சட்டத்தில் திருகப்பட்டு மஞ்சள் நிறக் கனெக்டரோடு இருக்கும் சென்சாரைத் தொடவும் வேண்டாம், அதன் போல்ட்டைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

வயரை வெட்டி ஒட்டுவதைத் தவிர்க்க, என் வண்டியின் கப்ளருக்குப் (செருகும் வயர் இணைப்பான்) பொருந்தும் ரிலே கிட் ஒன்றை வாங்கினேன். பழைய ஹாரனின் கப்ளர் அப்படியே அதில் செருகிக்கொள்கிறது. நாளை எப்போதாவது பழைய நிலைக்கே திரும்ப வேண்டுமானால் பிடுங்கினால் போதும். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் இந்த வழியிலேயே போங்கள். வெட்டுப்பட்ட வயரைக் காட்டினால் சர்வீஸ் நிலையத்தில் பேச்சு வேறு மாதிரி போகும்.


எண்ணூர்ச்சாலைப் பயணி எழுதியது:

மிகவும் பயனுள்ள பதிவு, அக்கா. என் வண்டிக்கென்று பொருந்தும் கிட் கிடைக்கவில்லை. பொதுவான ஐந்து முனை ரிலேதான் கடையில் இருக்கிறது. அதில் எந்த முனையில் எது என்று யாராவது விளக்க முடியுமா? டிஸ்க் ஜோடிக்கு 8 ஆம்பியர்தானே, ரிலே இல்லாமலே போகலாமா என்றும் ஒரு யோசனை.


கொருக்குப்பேட்டை பேட்டரிக்காரர் எழுதியது:

உங்கள் வண்டியின் ஃபியூஸ் பெட்டியில் ஏற்கெனவே ஒரு ஹாரன் ரிலே இருக்கும். ஆகவே ஸ்டீயரிங் சுவிட்ச் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 10 ஆம்பியர் ஃபியூஸில் 8 ஆம்பியர் ஜோடி தாக்குப்பிடிக்கவும் கூடும். ஆனால் உங்கள் பாசிட்டிவ் வழியில், ஒற்றை ஹாரனுக்கே, 0.9 வோல்ட் தொலைகிறது. இரண்டு ஹாரன் ஆனதும் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்த ஒரு காரணத்துக்காகவே தனி ரிலே போடுங்கள் என்கிறேன்.

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்பதற்குப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தனி வயர் வர வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை உறையோடு வைத்துவிடுங்கள். 87 இலிருந்து இரண்டு ஹாரன்களின் பாசிட்டிவுக்கும் வயர் போக வேண்டும். இவை எல்லாம் இரண்டரை சதுர மில்லிமீட்டர். 85, 86 இரண்டும் ரிலேயின் சுருள். பழைய ஹாரனுக்கு வந்துகொண்டிருந்த பாசிட்டிவ் வயர் 86 க்கும், நெகட்டிவ் 85 க்கும் போகட்டும். சில ரிலேக்களுக்குள், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு இருக்கும். அவற்றில் இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஃபியூஸ் போய்விடும். சுருள் 0.2 ஆம்பியர்கூட இழுக்காது என்பதால் பழைய மெல்லிய வயரே இதற்குப் போதும். ஹாரன்களின் நெகட்டிவ் இரண்டையும் சேர்த்து, நீங்கள் தேய்த்து வைத்த அதே போல்ட்டில் கொடுங்கள்.

நடுவில் இருக்கும் 87ஏ முனையைக் காலியாக விட்டு, டேப் சுற்றிவிடுங்கள். அது ரிலே இயங்காதபோது தொட்டுக்கொண்டிருக்கும் முனை. ஹாரன் வயரைத் தவறி அதில் கொடுத்தால், பேட்டரியை இணைத்த நொடியே தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் நிற்காமல் கத்தும். ஸ்டீயரிங்கை அழுத்தினால்தான் அடங்கும். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு ரிலே கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி, சக்கரத் தண்ணீர் படாத இடத்தில் பொருத்துங்கள். வயரை முறுக்கி டேப் ஒட்டுவதை விட்டுவிட்டு லக்கைக் க்ரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கி இறுக்கி), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். நம் பகுதியின் உப்புக்காற்றுக்கு வெறும் டேப் ஒரு கோடையைத் தாங்காது.


வியாசர்பாடி வேகம் எழுதியது:

சரி ஐயா, உங்கள் பேச்சைக் கேட்டு அந்த 20 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். ஃபியூஸ் பெட்டியில் அந்தக் குழியின் பிளாஸ்டிக் ஓரம் பழுப்பாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரிலே வாங்கப் போகிறேன். விண்ட்டோனை மட்டும் மாற்ற மாட்டேன்.


எண்ணூர்ச்சாலைப் பயணி எழுதியது:

டிஸ்க் ஜோடி, ரிலே, வயர், லக் எல்லாம் வாங்கி மாட்டி முடித்தேன். இன்ஜின் ஓடும்போது ஹாரன் முனையில் 13.6 வோல்ட் நிற்கிறது. 87ஏ முனையை முதல் வேலையாகச் சுற்றி மூடிவிட்டேன். இடப்பக்க ஹாரன் கிரில்லின் குறுக்குக் கம்பி ஒன்றை உரசியதால் பட்டையைச் சற்றே வளைக்க வேண்டியிருந்தது; அதற்கு முன் கௌரி அக்கா சொன்ன அதே தகர அதிர்வு கேட்டது.

மணலிச் சாலையில் இப்போது முன்னால் போகும் பைக்குகளும் ஆட்டோக்களும் திரும்பிப் பார்க்கின்றன. டிரெய்லர்களிடம் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவற்றின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரியும்வரை பின்னாலேயே இருந்து ஹெட்லைட்டை மின்னுகிறேன், அதற்குத்தான் வழி விடுகிறார்கள்.


தண்டையார்பேட்டை புதியவன் எழுதியது:

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் காரில் ஹாரன் சுத்தமாக ஒலிப்பதில்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் மட்டும் எப்போதாவது ஒலிக்கிறது. மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கும் சில நாட்களாக எரிகிறது. நானும் ரிலே போட்டுப் பார்க்கலாமா?


கொருக்குப்பேட்டை பேட்டரிக்காரர் எழுதியது:

வேண்டாம் தம்பி, உங்கள் கோளாறு முன்பக்கத்தில் இல்லை. ஸ்டீயரிங்குக்குள் சுருட்டி வைக்கப்பட்ட ஒரு நாடா கேபிள் இருக்கும். கடையில் கிளாக் ஸ்பிரிங் என்று கேட்டால் தெரியும். ஹாரன் சுவிட்சின் வயரும் ஓட்டுநர் ஏர்பேக்கின் வயரும் அதன் வழியாகவே போகின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஹாரன் வருவதும், ஏர்பேக் விளக்கு எரிவதும் சேர்ந்து வந்தால் அந்த நாடா அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஹாரன் இல்லாததைவிட, மோதலின்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இதை நீங்களாகக் கழற்ற வேண்டாம். ஏர்பேக்கில் வெடிமருந்து இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். புதிய நாடாவையும் சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையில் நடுப்புள்ளி பார்த்துப் பொருத்தாவிட்டால், முதல் யூ-டர்னிலேயே அது மறுபடி அறுந்துவிடும். ஏர்பேக் வேலை தெரிந்த இடத்தில் காட்டி, பழைய பாகத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.